சுருக்கப் பூச்சு: எம்ஜிபி காரின் டேஷ்போர்டு

சுருக்கப் பூச்சு என்பது, காயும்போதே மேற்பரப்பு தானாக நெளிந்து, நுண்ணிய மேடுபள்ளங்களாக இறுகிவிடும் பெயின்ட் வகையாகும். தட்டச்சுப்பொறி, வானொலி, அளவைக் கருவிகள் ஆகியவற்றின் உலோக உறைகளில் ஒருகாலத்தில் பரவலாக இருந்த இப்பூச்சு, இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் தயாரான எம்ஜிபி காரின் எஃகு டேஷ்போர்டிலும் கறுப்பு நிறத்தில் இடம்பெற்றது. ஆங்கிலேயர் இதைக் ‘கிராக்கிள்’ என்று அழைத்தாலும் அப்பெயர் பொருந்தாது. கிராக்கிள் பூச்சில் மேல்படலம் வெடித்து அடிநிறம் தெரியும், இதிலோ படலம் எங்கும் பிளவுபடாமல் மடிந்து கிடக்கும். அழுத்தி உருவாக்கிய தகட்டின் சிறு குறைகளை மறைப்பதும், வெயில் பட்டுக் கண் கூசாமல் காப்பதும் இதன் பயன்கள்.

பழைய சுருக்கப் பூச்சுகளுக்கு அடிப்படையாக இருந்தது, சீனாவைத் தாயகமாகக் கொண்ட டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனை அது விரைந்து ஏற்பதால் மேலே முதலில் ஓர் ஆடை படிகிறது. காய்ச்சிய பாலில் ஏடு கட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். அடியிலுள்ள பெயின்ட் இன்னும் இளகியிருக்கையில் ஆடை உப்பிப் பரப்பில் பெருக முயல்கிறது. பரவ இடமில்லாததால் மடிகிறது. மேற்பரப்பை முந்திக் காயச்செய்யும் கோபால்ட் உப்புகள் இவ்விளைவை மிகுவிக்கின்றன.

இன்று இதை மீட்டுருவாக்குவோர், டேஷ்போர்டைக் கழற்றி, பழைய பெயின்ட்டையும் துருவையும் முற்றாக நீக்கி, பிரைமர் அடித்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்த பிறகு, சுருக்கப் பெயின்ட்டைக் கிடைவாக்கிலும் நெடுவாக்கிலும் மூலைவாட்டத்திலும் சில நிமிட இடைவெளியில் கனமாக அடிக்கின்றனர். கனமே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மெலிந்த இடத்தில் சுருக்கமே விழாது, தடித்த இடத்தில் அது பெரிதாகி முரடாகத் தெரியும். வேகமானி, எண்ணெய் அழுத்தமானி பொருந்தும் வட்டத் துளைகளின் விளிம்பிலிருந்து பெயின்ட் விலகி ஓடுவதால், அவ்விடங்களே பெரும்பாலும் வழவழவென்று மொட்டையாக நின்றுவிடுகின்றன. பின்னர் விளக்கால் சீராக வெப்பமூட்டும்போது, ஈரப் பளபளப்பு முதலில் மங்கி, மயிரிழை போன்ற கோடுகள் தோன்றி, தகடு முழுவதும் பரவுகின்றன. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கோலம் இரண்டுபட்டுவிடும்.

சுருக்கம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு, கருவிகளின் வளையங்களுக்கு அடியில் தேயாமல் எஞ்சியுள்ள பழைய பூச்சே நம்பத்தகுந்த சான்று. அதைப் பார்க்காமல் சுரண்டிவிடுவது ஈடுசெய்ய இயலாத இழப்பு. அசல் பூச்சு உறுதியாக இருக்குமானால் அதைத் தொடாமல் விடுவதே சிறந்தது. புதுப் பூச்சில் பிழை நேர்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து ஓரிடத்தை மட்டும் திருத்த இயலாது, முழுவதையும் நீக்கி மீண்டும் அடிக்க வேண்டும். மெழுகு பள்ளங்களில் தங்கி வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால், காய்ந்த பூச்சை மென்மையான தூரிகையால் மட்டுமே தூசு தட்டுகின்றனர்.