அண்ணன் பேசாத 23 வருஷம்

ஜார்ஜ் எலியட் ஆம்பளை இல்லைங்க. மேரி ஆன் எவன்ஸ்ங்கிற அம்மணியோட புனைபெயர் அது. 1819-ல இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர்ல பிறந்தவங்க. மனுஷ மனசையும் காதலையும் பத்தி இவங்க என்ன நினைச்சாங்கன்னு தெரியணும்னா, நாவல்களோட சேர்த்து அண்ணன் ஐசக்கையும் படிக்கணும்.

1854-ல எலியட், ஜார்ஜ் ஹென்றி லூயிஸ்ங்கிற எழுத்தாளரோட சேர்ந்து வாழ ஆரம்பிச்சாங்க. லூயிஸ் ஏற்கனவே கல்யாணமானவர். அவர் மனைவிக்கு இன்னொருத்தர் மூலமா குழந்தை பிறந்தப்போ, அதைத் தன் பேர்லயே பதிவு பண்ணிக்கிட்டார் மனுஷன். அந்தப் பெருந்தன்மையே அவருக்கு ஆப்பாயிடுச்சு! மனைவி செஞ்சதை ஏத்துக்கிட்டவர் விவாகரத்து கேட்க முடியாதுங்கறது அன்றைய சட்டம். ஆக, கல்யாணம் பண்ணிக்க வழியே இல்லாம, 1878-ல லூயிஸ் சாகும்வரை 24 வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணா வாழ்ந்தாங்க.

ஊர் சும்மா இருக்குமா? லூயிஸை விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகள் எலியட்டைக் கூப்பிடலை. இத்தனைக்கும் 1859-ல வந்த 'ஆடம் பீட்' நாவலை விக்டோரியா மகாராணியே ரசிச்சுப் படிச்சு, அதிலிருந்து ரெண்டு காட்சிகளை ஓவியமா வரையச் சொன்னாங்க. எழுத்து அரண்மனைக்குள்ள போகலாம், எழுதினவங்க பக்கத்து வீட்டுக்குள்ள போகக் கூடாது!

1857-ல விஷயத்தை அண்ணனுக்கு எழுதினாங்க. பதில் குடும்ப வக்கீல் மூலமா வந்தது. அதோட பேச்சுவார்த்தை கட். அக்கா கிறிஸ்ஸியும் தொடர்பை விட வேண்டியதாச்சு.

இந்தக் காயம் ஆறாத நேரத்துலதான் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' (1860) வருது. டாம், மேகின்னு அண்ணன் தங்கச்சி கதை. ஊர்ப்பேச்சுக்கு ஆளாகித் திரும்பி வர்ற தங்கச்சியை டாம் வீட்டுல சேர்க்க மாட்டேங்கிறான். நானா இருந்தா அவனை ஒரேயடியா வில்லனாக்கிப் பழி தீர்த்திருப்பேன். எலியட் அதைச் செய்யலை. சின்ன வயசுலேயே அப்பாவோட கடனைத் தோள்ல சுமந்து, பைசா பைசாவா சேர்த்து அடைச்சவன்னு காட்டுறாங்க. அவனோட இறுக்கம் எங்கிருந்து வந்ததுன்னு நமக்குப் புரியுது. கோபம் போகலை, ஆனா வெறுக்க முடியலை.

'மிடில்மார்ச்'லயும் (1871-72) இதே வேலைதான். டோரத்தியாங்கிற இளம்பெண் தன்னைவிட ரொம்ப மூத்த காசபான்கிற அறிஞரைக் கட்டிக்கிட்டுத் தவிக்கிறா. நாம முழுசா அவ பக்கம் சாய்ஞ்சிருக்கிறப்போ, எலியட் கதையை நிறுத்தி, அந்த மனுஷன் பக்கத்தையும் பாருங்கன்னு திருப்புறாங்க. எழுதி முடிக்கவே முடியாத ஒரு புத்தகத்தோட பயத்துல அவர் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கார்.

இவங்க பார்வையில மனுஷங்க பெரும்பாலும் கெட்டவங்க இல்லை. தன்னை நடுவுல வச்சே உலகத்தைப் பார்க்கிறவங்க. எதிர்ல நிக்கிறவருக்கும் அப்படி ஒரு நடு இருக்குன்னு உணர்றதுதான் காதல், பாசம், எல்லாமே.

1880 மே மாசம், தன்னைவிட 20 வயசு சின்னவரான ஜான் கிராஸை எலியட் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. உடனே அண்ணன்கிட்டேயிருந்து வாழ்த்துக் கடிதம்! 24 வருஷ அன்புக்குக் கிடைக்காதது ஒரு சர்ச் பதிவேட்டுக்குக் கிடைச்சது. படிக்கிற நமக்கே பத்திக்கிட்டு வருது. எலியட் என்ன செஞ்சாங்க? குத்திக்காட்டாம, பாசமா பதில் எழுதினாங்க. அதே டிசம்பர்ல இறந்துட்டாங்க. ஹைகேட்ல நடந்த இறுதிச் சடங்குக்கு ஐசக் வந்திருந்தார்.

டாமுக்குக் கொடுத்த நியாயத்தை ஐசக்குக்கும் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. கதையில செய்யறதே கஷ்டம், சொந்த அண்ணன்கிட்டன்னா கேட்கவே வேணாம்.

படிக்காதவங்க 'ஃப்ளாஸ்'ல ஆரம்பிங்க. 'மிடில்மார்ச்' தலகாணி சைஸ், பயந்துடாதீங்க :-)