சுங்கம் தாண்டிய செடிக்கும் காவல்

வெளிநாட்டுச் செடி சுங்கத்தைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அப்படியல்ல. இறக்குமதி அனுமதிப்பத்திரம், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ், கட்டுநாயக்கவில் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகும், சில நடுகைப் பொருட்கள் தனிமையில் வளர்த்துக் கண்காணிக்கப்படும். வைரசு தொற்றிய தண்டு வந்திறங்கும் நாளில் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். துளிர்த்து இலை விரிந்த பிறகே நோய் தெரியவரும்.

கண்டிக்கு இது புதிதல்ல. 1869இல் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட கோப்பித் துரு நோய், சுமார் இருபது வருடங்களில் மலையகக் கோப்பிச் செய்கையையே முடித்துவைத்தது. 1888இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்த மைக்கோனியா மரமோ கள்ளத்தனமாக வந்ததல்ல. அழகான இலைக்காகப் பூங்காவே விரும்பி நட்டது. பிறகு அது வேலி தாண்டி மலைக்காடுகளுக்குள் பரவிவிட்டது.

ஆகவே, பயணப்பைக்குள் ரோஜாத் தண்டை ஒளித்துக் கொண்டுவரும் உறவினரைப் பாராட்டாதீர்கள். வாங்கிய வெளிநாட்டுக் கன்றில் பழக்கமில்லாத புள்ளியோ பூச்சியோ தெரிந்தால், அதைப் பிடுங்கி ஆற்றோரம் வீசாமல், மற்றச் செடிகளிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தாவரப் பாதுகாப்புச் சேவையும் பேராதனை, கன்னொறுவையில்தான் இருக்கிறது.