ராத்திரி 11 மணி பிஸ்கட்டும் பாலத்துக்கு அந்தாண்ட இருக்கற ஆலையும்

தீசிஸ் எழுதறேன்னு சொல்லிட்டுக் காணாமப் போனவன் திரும்ப வந்துட்டேன். தீசிஸ் வளரலை, நான்தான் வளர்ந்திருக்கேன். பக்கவாட்டுல :-)

பகல்ல நான் ரொம்ப நல்ல பையன். டீக்குக்கூட அரை ஸ்பூன் சர்க்கரைதான். ஆனா ராத்திரி 11 மணி ஆச்சுன்னா கை தானா அலமாரிக்குப் போகும். சாக்லேட் பிஸ்கட் ஒரு பாக்கெட், ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம் (வெனிலாவுல மொறுமொறுன்னு டாஃபித் துண்டு போட்டது, இந்த ஊர்க்காரங்களுக்கு உசிரு), எதுவுமே இல்லைன்னா வெறும் சீனி ஒரு ஸ்பூன். போன மாசம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துட்டு டாக்டரம்மா, "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனா வாசல்ல வந்து நிக்குது"ன்னுட்டாங்க. எங்க தாத்தாவுக்கு அந்த நோயால கால் விரல் ரெண்டு போச்சு. அப்பா பத்து வருஷமா மாத்திரை. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

அன்னிக்கு ராத்திரியும் கை சீனி பாக்கெட்டுக்குப் போச்சு. பாக்கெட்டுல செல்சீன்னு போட்டிருந்துச்சு. சரி, நம்மளைக் கெடுக்கற ஆசாமி யாருன்னாவது தெரிஞ்சுக்குவோம்னு தேட ஆரம்பிச்சேன். பார்த்தா, ஆலை இதே ஆக்லாந்துல, துறைமுகத்துப் பாலத்தைத் தாண்டி பர்க்கன்ஹெட்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சுப் போயிட்டேன். தண்ணி ஓரமா ரோஸ் கலர்ல பழைய கட்டடங்க, சுத்தி மரமும் பூங்காவும். பார்த்தா சர்க்கரை ஆலைன்னே தோணாது.

எனக்கு ஆலை புதுசில்லை. பொறந்தது நெல்லிக்குப்பம் பக்கம். பாரி கம்பெனி 1842லேயே அங்க சர்க்கரை ஆலை வெச்சிடுச்சு. கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் பின்னாடி ஓடி ஒரு கழியை உருவறதுதான் எங்களுக்கு விளையாட்டு. இன்னும் பின்னாடி போனா, கரும்பை நம்ம மண்ணுக்குக் கொண்டு வந்தவங்க அதியமானோட முன்னோருன்னு ஔவையார் புறநானூறு 99வது பாட்டுல சொல்றாங்க. ஆக, நமக்கும் கரும்புக்கும் ரெண்டாயிரம் வருஷ உறவு. ஆனா அந்த உறவுல வெல்லம் பொங்கலுக்கும் பண்டிகைக்கும்தான். தினம் ராத்திரி வெள்ளைச் சீனிங்கறது நேத்து வந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு? சிட்னி மின்ட்ஸ்னு ஒரு அமெரிக்க மானுடவியல் பேராசிரியர் 1985ல இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்துல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1700 வாக்கில 4 பவுண்ட் சர்க்கரைதான். 1800ல அது 18 பவுண்ட் ஆச்சு, அதுக்கப்புறம் ஏறிக்கிட்டேதான் போச்சு. ராஜாக்கள் சாப்பிட்ட சரக்கு, மில் தொழிலாளி டீக்கு வந்துடுச்சு. சமைக்க நேரமில்லாதவன், அலுத்துப் போனவன், இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்கணும்னா சூடா சக்கரை போட்ட டீ. மலிவு, சட்டுனு தெம்பு. இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. பகுதி நேர வேலை முடிஞ்சு வந்து, ஒழுங்காச் சாப்பிடாம, ராத்திரி லேப்டாப் முன்னாடி உக்கார்ற நான் வேற யாராம்?

அந்த மலிவுக்கு விலை கொடுத்தது யாருங்கறதுதான் கதையில கசப்பு. செல்சீ ஆலை 1884ல ஆரம்பிச்சது. 1888ல ஆஸ்திரேலியாவோட காலனியல் சுகர் ரீஃபைனிங் கம்பெனி, சுருக்கமா சி.எஸ்.ஆர்., முழுசா எடுத்துக்கிச்சு. அதே கம்பெனிதான் ஃபிஜியில பெரிய பெரிய கரும்பு ஆலை நடத்துச்சு. அங்க பிழிஞ்ச பழுப்புச் சர்க்கரை கப்பல்ல இங்க வரும், வெள்ளையாகி வெளிய போகும்.

ஃபிஜியில கரும்பு வெட்டினது? நம்மாளுங்க. 1879லேர்ந்து 1916 வரைக்கும் இந்தியாவுலேர்ந்து 60,000க்கும் மேல ஒப்பந்தக் கூலிங்க போனாங்க. மொதல்ல கல்கத்தாவுலேர்ந்து, 1903லேர்ந்து மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்தும். மெட்ராஸ் வழியா போனவங்க மட்டும் சுமார் 15,000 பேர், தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசினவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம். ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், பொம்பளைக்கு 9 பென்ஸ். அதுவும் கொடுத்த வேலையை முடிச்சாத்தான். 10 அடிக்கு 7 அடி அறையில கல்யாணமாகாத ஆம்பளைங்க மூணு பேர். என் ரூம் சின்னதுன்னு நான் புலம்பினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' எழுதினது இந்தப் பெண்களை நினைச்சுத்தான். பள்ளிக்கூடத்துல மனப்பாடப் பாட்டா ஒப்பிச்சிருக்கேன். அந்தத் தோட்டத்துக்கும் என் டீ கப்புக்கும் நடுவுல ஒரு கப்பல் தூரம்தான்னு அப்போ யாரும் சொல்லலை. 1920 ஜனவரி 1ஆம் தேதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களையும் ரத்து பண்ணினாங்க. சி.எஸ்.ஆர். 1973ல ஃபிஜியை விட்டே போயிடுச்சு.

நான் வேலை பார்க்கற கடையில ஃபிஜிலேர்ந்து வந்த பெரியவர் ஒருத்தர் இருக்கார். பேர் கவுண்டர்னு முடியும், தமிழ் ரெண்டு மூணு வார்த்தைதான் வரும். 1987 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் குடும்பத்தோட ஆக்லாந்து வந்தவர். ராத்திரி ஷிஃப்ட்ல டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை வேணாம்னு கையைக் காட்டினார். "எங்க தாத்தா வெட்டினார், எங்கப்பா வெட்டினார், எனக்கு ஊசிதான் மிச்சம்"னு ஹிந்தியும் இங்கிலீசுமா சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

சரி, இந்த ஆசையை அடக்கவே முடியாதா? இந்த ஊரே ஒரு தடவை அடக்கியிருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல, 1942லேர்ந்து 1948 வரைக்கும் நியூசிலாந்துல சர்க்கரை ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன உச்ச வரம்பும் கிட்டத்தட்ட அதேதான், முடிஞ்சா அதுலயும் பாதியாக் குறைங்கன்னு வேற சொல்றாங்க. பிரிட்டன்ல 1953 வரைக்கும் இருந்த ரேஷனை வெச்சு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. கருவுலேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் ரேஷன் காலத்துல இருந்த குழந்தைகளுக்குப் பின்னாடி சர்க்கரை நோய் வர்றது சுமார் 35 சதவீதம் கம்மியாம். அவங்க யாரும் மன உறுதியில ஜெயிக்கலை. வீட்டுல சர்க்கரை இல்லை, அவ்வளவுதான்.

அதனால நானும் மன உறுதியை நம்பறதை விட்டுட்டேன். எனக்கு நானே ரேஷன் கடை. ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன டப்பாவுல வாரத்துக்கான சீனி, தீர்ந்தா தீர்ந்ததுதான். பிஸ்கட் வாங்கி வெக்கறதே இல்லை. ஏழரைக்கே சோறு, பருப்பு, முட்டைன்னு ஒழுங்காச் சாப்பாடு. 11 மணிக்குக் கை அரிச்சா, 'இது இனிப்பு ஆசை இல்லைடா, தூக்கம்'னு சொல்லிட்டு லேப்டாப்பை மூடிடறேன். பத்து நாள்ல ஏழு நாள் ஜெயிச்சிருக்கேன். மூணு நாள் நடந்ததைப் பத்திப் பேச வேணாம்.

அடுத்த ரத்தப் பரிசோதனை ரெண்டு மாசத்துல. அம்மாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிடறதா இருக்கேன். ராத்திரி முழிச்சுப் பதிவு எழுதற மக்களே, உங்க மேசையில இப்போ என்ன டப்பா இருக்குன்னு உண்மையைச் சொல்லிட்டுப் போங்க.