வலியதுறைப் புல்லும் ஆக்குளத்து ஆகாயத்தாமரையும்

திருவனந்தபுரத்தின் ஆமையிழஞ்சான் தோடு யாருடைய பொறுப்பு என்ற கேள்வி 2024 ஜூலையில் நாடறிய எழுந்தது. தம்பானூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கும் மேலாகச் சுரங்கம்போல் செல்லும் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் 13ஆம் தேதி மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் அவருடைய உடல் கிடைத்தது. நிலம் ரயில்வேயினுடையது, தோடு நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பிலுள்ளது, குப்பை மேலாண்மை மாநகராட்சியின் கடமை. ஒவ்வொரு தரப்பும் மற்றொன்றைச் சுட்டியது. கேரள உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அன்று நடந்த விவாதத்தின் மையம் நெகிழிக் குப்பையே. அதே நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பேசுபொருளாகவில்லை. இது தற்செயலான விடுபடல் அன்று. இந்நகரின் நீர்நிலைகளுக்காகத் துறைகள் ஒன்றுகூடிய தருணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் எதை அளப்பது என்பதே யார் கூடுவது என்பதைத் தீர்மானித்திருப்பது புலனாகும். ஊட்டச்சத்து மாசு பெரும்பாலும் அந்த அளவைகளுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

முதல் அளவை போக்குவரத்து. ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சிக்காலத்தில் (1815–1829) கடினங்குளம் காயலையும் தலைநகரையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் அவர் பெயராலேயே பார்வதி புத்தனாறு எனப்பட்டது. பின்னர் வடக்கே ஷொரணூர் வரை நீண்ட நீர்வழியின் தென்பகுதியாக அது அமைந்தது. வள்ளம் செல்லுமளவு ஆழம் இருக்கிறதா என்பதே அன்றைய கேள்வி. சாலையும் ரயிலும் வந்தபின் அந்தக் கேள்வி வலுவிழந்தது. கால்வாய் நகரக் கழிவைத் தாங்கும் வாய்க்காலாயிற்று. இன்று கோவளம்–பேக்கல் நீர்வழித் திட்டத்தின்கீழ் அதை மீண்டும் போக்குவரத்துக்குரியதாக்க முயலும்போதும் அகலமும் ஆழமுமே முதன்மை பெறுகின்றன.

இரண்டாம் அளவை சுகாதாரம். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் 1930களில் திட்டமிடப்பட்டு, 1940களில் இயங்கத் தொடங்கிய பாதாளச் சாக்கடை நகரக் கழிவுநீரைத் திரட்டிக் கடற்கரையோர வலியதுறை–முட்டத்தறைப் பகுதிக்குக் கொண்டுசென்றது. அங்கே அது மணற்பாங்கான நிலத்தில் பாய்ச்சப்பட்டுக் கால்நடைத் தீவனப் புல் வளர்க்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின் நோக்கம் நோய்த்தடுப்பே; ஊட்டச்சத்து மாசு என்ற கருத்து அன்றைய நகர நிர்வாகத்தில் இல்லை. ஆயினும் விளைவு குறிப்பிடத்தக்கது. கழிவுநீரிலிருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் ஒரு பகுதி புல்லாகி, அறுக்கப்பட்டு, மாட்டுக்குத் தீவனமாகி நீர்ச்சுழற்சியை விட்டு வெளியேறியது. நீரில் மாசாக எண்ணப்படும் பொருள் நிலத்தில் உரமாக எண்ணப்பட்டது. கழிவுநீர் வாரியமும் கால்நடைத் தீவனமும் ஒரே நிலத்தில் சந்தித்த அந்த ஏற்பாட்டை, பெயர் சூட்டப்படாத ஒருங்கிணைப்பு என்றே கொள்ள வேண்டும்.

குறைகளும் அதில் இருந்தன. நகரம் வளர்ந்த வேகத்தில் நிலம் வளரவில்லை. ஏற்கும் அளவுக்கு மேல் கழிவுநீர் வந்தால் மணல்நிலம் அதைச் சுத்திகரிக்காமல் கசியவிடும். கரையோரக் குடியிருப்புகளின் கிணறுகளுக்கும் ஆபத்து. ஆகவே நவீனச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுடன் கட்டப்பட்ட முட்டத்தறை ஆலை 2013இல் இயங்கத் தொடங்கியது. 1984இல் உருவான கேரள நீர் ஆணையத்தின் பொறுப்பில் அது உள்ளது. நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாததால் ஆலை தன் கொள்ளளவை எட்டாமலே நெடுங்காலம் இயங்கியது. இணைப்பில்லாத வீடுகளின் கழிவு கழிவறைத் தொட்டிகளிலிருந்து மண்ணுக்கும் தோடுகளுக்கும் கசிந்தது.

இவ்விடத்தில் ஒரு வேதியியல் நுட்பம் வரலாற்றைத் தீர்மானிக்கிறது. கழிவுநீரின் தரத்தை நம் நாட்டு நிர்வாகம் பெரிதும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவையால் அறிகிறது. நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உண்கின்றன என்பதே அது. காற்றூட்டும் ஆலை இந்த எண்ணைத் திறம்படக் குறைக்கும். ஆனால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு அது நின்றால் நைட்ரஜன் நீரிலேயே தங்கும். நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்ற ஆக்சிஜனற்ற தனிக்கட்டம் வேண்டும். பாஸ்பரசை நீக்க வேதிப்பொருளோ தனிவகை நுண்ணுயிர் வளர்ப்போ வேண்டும். இவை இல்லையெனில் தெளிந்த, நாற்றமற்ற, சட்டப்படி தேறிய நீர் ஒரு காயலுக்கு உரமாகவே சென்று சேரலாம்.

ஆக்குளம்–வேளி காயலின் நிலையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். ஆமையிழஞ்சான், பட்டம், உள்ளூர் தோடுகள் நகரின் நடுப்பகுதியை வடித்துக்கொண்டு ஆக்குளத்தை அடைகின்றன. பார்வதி புத்தனாறு வேளியைத் தொடுகிறது. வேளியின் பொழிமுகத்தைக் கோடையில் மணல்திட்டு அடைத்துவிடும். அப்போது வந்த நீர் வெளியேறாது. வந்த ஊட்டமும் வெளியேறாது. வெப்பமண்டல வெயிலும் தேங்கிய நீரும் மிகையூட்டமும் சேர்ந்த இடத்தில் ஆகாயத்தாமரை — மலையாளத்தில் குளவாழை — பரப்பை மூடுகிறது. அது மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. இயந்திரம் கொண்டு அதை அள்ளிக் கரையிலேயே குவித்தால் அழுகிய சாறு மழையில் மீண்டும் நீருக்கே திரும்புகிறது. முன்பு வலியதுறையில் புல் செய்த வேலையை இங்கே ஆகாயத்தாமரை செய்கிறது. அறுவடை செய்து கொண்டுபோகும் துறைதான் இல்லை.

மூன்றாம் அளவை வெள்ளம். தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மழைதோறும் மூழ்கியதை அடுத்து 2015இல் தொடங்கிய ‘ஆபரேஷன் அனந்தா’, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பல துறைகளை ஒரே கட்டளையின்கீழ் கொண்டுவந்தது. ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன, மூடப்பட்ட வடிகால்கள் திறக்கப்பட்டன. துறைகள் இணைய முடியாது என்ற வாதத்துக்கு அதுவே மறுப்பு. ஆயினும் அதன் இலக்கு நீர் விரைந்து வடிவது. ஊட்டத்தின் கண்ணோட்டத்தில், நீர் விரைந்து வடிந்தால் மாசு விரைந்து காயலை அடைகிறது என்றுமாகும்.

நான்காம் அளவை நீதிமன்றத்தின் வழியே வந்தது. நாட்டின் 351 மாசடைந்த ஆற்றுப்பகுதிகளைப் பற்றிய வழக்கில், மாநிலந்தோறும் சுற்றுச்சூழல், நகர்ப்புற வளர்ச்சி, தொழில் துறைகளின் இயக்குநர்களும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலரும் கொண்ட ஆறு மீட்புக் குழு அமைக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் ஆணையிட்டது. கேரளத்தின் 21 பகுதிகளுள் கரமனை ஆறு மட்டுமே முதல் முன்னுரிமையில் இடம்பெற்றது. நான்கு அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்தது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்த வரிசைப்படுத்தலின் அடிப்படை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நைட்ரஜனோ பாஸ்பரசோ அன்று. வேளாண் துறையும் அந்த நால்வரில் இல்லை.

சட்டத்திலும் இதே தயக்கம் தெரிகிறது. 2015இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு கழிவுநீர் ஆலைகளுக்கு நைட்ரஜன் வரம்பை முன்மொழிந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது இல்லை. 2019 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம், மொத்த பாஸ்பரசுக்கு 1 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்புகளை விதித்தது. முட்டத்தறை ஆலை வடிவமைக்கப்பட்ட காலத்தில் இவ்வெண்கள் இல்லை.

இந்த 1 மில்லிகிராமுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஈரி ஏரி பாசியால் திணறியபோது கனடாவும் அமெரிக்காவும் 1972இல் செய்த பேரேரி நீர்த்தர உடன்படிக்கை, ஈரி, ஒன்டாரியோ வடிநிலங்களின் பெரிய ஆலைகளுக்கு இதே அளவைத்தான் நிர்ணயித்தது. ஏரிக்குள் ஆண்டுக்கு எத்தனை டன் பாஸ்பரஸ் வருகிறது என்று கணக்கிட்டுக் குறைப்பைப் பங்கிட்டார்கள். 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிறந்த கூட்டு ஆணையம் அதைக் கண்காணித்தது. ஏரி தேறியது. ஆயினும் 1990களுக்குப் பின் வயல்களிலிருந்து வடியும் கரைந்த பாஸ்பரஸ் பாசியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2014இல் டொலிடோ நகரம் சில நாள்கள் குழாய்நீரைப் பருக முடியாமல் தவித்தது. ஆலைக்குழாய்களை எண்ணிய கணக்கு வயல்களைப் போதிய அளவு எண்ணவில்லை.

ஆக்குளத்துக்குத் தேவைப்படுவதும் முதலில் இத்தகைய ஒரு கணக்கே. ஒவ்வொரு தோடும் ஆண்டுக்கு எத்தனை கிலோ நைட்ரஜனையும் பாஸ்பரசையும் காயலில் சேர்க்கிறது, அதில் ஆலையின் பங்கு எவ்வளவு, கழிவறைத் தொட்டிகளின் பங்கு எவ்வளவு, அடிச்சேற்றில் படிந்திருப்பது எவ்வளவு என்ற விவரம் துறைகள் அனைத்தும் ஏற்கும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். அது இருந்தால் நீர் ஆணையம், மாநகராட்சி, நீர்ப்பாசனத் துறை, ரயில்வே, சுற்றுலாத் துறை ஆகியவற்றுள் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்க முடியும். வலியதுறையில் கழிவுநீர் பாய்ந்த காலத்திலேனும் அறுத்த புல்லைக் கட்டுக்கட்டாக எண்ணியிருக்கலாம். இன்று ஆக்குளத்திலிருந்து அள்ளப்படும் ஆகாயத்தாமரை எடை போடப்பட்டு எங்கே செல்கிறது என்பதிலிருந்தே அந்தப் பதிவேட்டைத் தொடங்கலாம்.