காலமும் முதல்தான்

ஒரு சின்னக் கணக்கு. பேனா, பேப்பர் எல்லாம் வேண்டாம். மனக்கணக்கே போதும்.

காலையில் ஐந்து டாக்காவுக்கு மூங்கில் வாங்குகிறீர்கள். பகலெல்லாம் உட்கார்ந்து, விரல் கிழியக் கிழியப் பின்னி, ஒரு மோடா செய்கிறீர்கள். சாயங்காலம் அதை ஐந்தரை டாக்காவுக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் ஒருநாள் சம்பாத்தியம் எவ்வளவு?

ஐம்பது பைசா.

அட, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்கிறீர்களா? அதே கேள்விதான் 1976-ல் ஒரு பேராசிரியருக்கும் வந்தது. இடம், வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமம். மோடா பின்னிக்கொண்டிருந்தவர் சூஃபியா பேகம். கேள்வி கேட்டவர் முகம்மது யூனுஸ். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1974-ம் வருடப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்துவிட்டு, 'நான் வகுப்பில் நடத்துகிற பாடத்துக்கும் வெளியே நடப்பதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நொந்துபோய், பக்கத்துக் கிராமத்தில் வீடு வீடாகப் போக ஆரம்பித்திருந்தார்.

அந்த மோடாவைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூடுதல் விலை கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் கொண்டுபோக முடியாது. மூங்கில் வாங்க சூஃபியாவிடம் ஐந்து டாக்கா கிடையாது. அதைக் கொடுத்தவர் ஒரு வியாபாரி. செய்ததைத் தன்னிடம்தான் விற்க வேண்டும், தான் சொல்வதுதான் விலை என்பது அவர் நிபந்தனை. வட்டிக்காரரிடம் போகலாமே? வாரத்துக்குப் பத்து சதவிகிதம் என்பான். வியாபாரியே தேவலை.

ஆக, அந்தப் பெண்ணிடம் தொழில் இருக்கிறது, திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஐந்து டாக்கா மட்டும் இல்லை. அது இல்லாததால் தான் செய்த பொருளுக்குத் தானே விலை சொல்லும் உரிமையும் இல்லை.

தன் மாணவி ஒருவரை விட்டு, இப்படி எத்தனை பேர் என்று ஊரில் கணக்கெடுக்கச் சொன்னார் யூனுஸ். 42 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 856 டாக்கா. அன்றைய மதிப்பில் 27 டாலர். வாத்தியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த 856 டாக்காவுக்கு வட்டி கிடையாது. தவணையும் கிடையாது. பொருள் நல்ல விலைக்குப் போகும்போது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஆனால், ஒரு மனிதர் பையிலிருந்து எத்தனை நாள் எடுத்துக் கொடுக்க முடியும்? அடுத்து அவர் போனது ஜனதா வங்கியின் கிளைக்கு. மேனேஜர் சிரித்திருப்பார். 'இந்தத் தொகை, எழுதுகிற காகிதத்துக்கே கட்டாது. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முக்கியமாக, அடமானம் வைக்க ஒன்றுமில்லை.' சாரம் இதுதான்.

நானும் காமர்ஸ் படித்தவன்தான். அந்த மேனேஜர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எங்கள் பாடப்புத்தகத்துக்கு விரோதமில்லை. ஈடு இல்லாமல் கடன் இல்லை. அதாவது, பணம் இருப்பவனுக்குத்தான் பணம் கொடுக்கலாம்!

யூனுஸ் விடவில்லை. மேலதிகாரிகள்வரை போய், பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, ஏழைகளின் கடனுக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் திரும்பி வந்தது. 1979-ல் டாங்காயில் மாவட்டத்துக்கு விரிந்தது. 1983 அக்டோபரில் தனி வங்கியே ஆனது. பெயர் கிராமீன் பேங்க். கிராமத்து வங்கி, அவ்வளவுதான்.

அடமானத்துக்குப் பதில் அவர்கள் கண்டுபிடித்தது என்ன? ஐந்து பேர் கொண்ட குழு. முதலில் இரண்டு பேருக்குக் கடன். அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இரண்டு பேருக்கு. கடைசியில் குழுத் தலைவிக்கு. வாராவாரம் கூட்டம், வாராவாரம் தவணை. ஆயிரம் டாக்கா வாங்கினால் வாரம் 20 டாக்கா, 50 வாரம். அப்புறம் வட்டி. சிறுகச் சிறுக என்பதால் வலிக்காது.

பெண்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பர்தா வழக்கமுள்ள வீடுகளுக்குள் ஆண்கள் போக முடியாது. யூனுஸ் முற்றத்தில் நிற்பார். மாணவி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து பதில் சொல்வார். மறுபடி கேள்வி, மறுபடி உள்ளே. கணவர்கள் முறைத்தார்கள், மதப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பெண்களுமே, 'எனக்கு எதுக்குப் பணம்? அவர்கிட்ட கொடுங்க' என்றார்கள். கடன் வாங்குபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற நிலையை எட்டவே சுமார் ஆறு வருடம் ஆனது. பிற்பாடு அது 97 சதவிகிதம்வரை போனது. பெண் கைக்கு வரும் காசு முதலில் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது என்பதை அனுபவத்தில் பார்த்துவிட்டார்கள்.

நெல் குத்தி விற்றார்கள், பொரி வறுத்தார்கள், கறவை மாடு வாங்கினார்கள், கோழி வளர்த்தார்கள். 1997-ல் செல்போன் வந்தபோது, கடனில் ஒரு போன் வாங்கி ஊருக்கே வாடகைக்குப் பேசக் கொடுக்கும் 'டெலிபோன் பெண்மணிகள்' உருவானார்கள். 2006-ல் அவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று லட்சம். அதே 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு யூனுஸுக்குப் பாதி, கிராமீன் பேங்குக்குப் பாதி. வங்கியின் சார்பில் மேடையேறிப் பரிசை வாங்கியவர், கடன் வாங்கிய பெண்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்களில் ஒருவரான ஒரு கிராமத்துப் பெண்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். வாழ்க்கையில் அப்படிப் போட முடியாது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் தெருவில் ஓர் அக்கா, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். பெரிய கிரைண்டர் வாங்க வேண்டும், ஒரு கம்பெனி கடன் தருகிறது, கட்டுமா என்று பார்த்துச் சொல்லு தம்பி என்றார். படித்த பிள்ளை அல்லவா நான்? அரிசி, உளுந்து, கரண்ட் பில், விற்பனை எல்லாம் எழுதிக் கூட்டிக் கழித்து, 'தாராளமா வாங்குங்கக்கா, லாபம்தான்' என்றேன். என் கணக்கில் தப்பில்லை. ஆனால் தவணை அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டது. கிரைண்டர் வந்தவுடன் வாடிக்கை வந்துவிடுமா? கடைக்காரர்கள் கடனுக்கு மாவு எடுத்து மாசக் கடைசியில்தான் காசு கொடுத்தார்கள். வாரத் தவணைக்கு அக்கா இன்னொரு இடத்தில் வாங்கினார், அதை அடைக்க மூன்றாவது இடத்தில். மூன்றாம் மாதம் கிரைண்டர் பாதி விலைக்குப் போனது. லாபம் எவ்வளவு என்று பார்த்த நான், அது எப்போது வரும் என்று பார்க்கவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜோப்ராவின் முதல் கடனில் இருந்து, பின்னால் வந்த வங்கி முறையில் காணாமல் போனது எதுவென்று இப்போது தெரிகிறதா? அவகாசம்.

இன்றைக்கு வாங்கிய கன்றுக்குட்டி அடுத்த வாரம் பால் கறக்காது. கோழிக்குஞ்சு அடுத்த வாரம் முட்டையிடாது. ஆனால் தவணை அடுத்த வாரமே வாசலில் நிற்கும். அப்படியென்றால் கடன் வாங்கும் பெண் என்ன செய்வார்? இன்றைக்குப் போட்டால் நாளைக்கு வரும் தொழிலாகப் பார்த்துச் செய்வார். அந்தத் தொழில்களில் லாபமும் ஐம்பது பைசாதான். இல்லையென்றால் பணத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தவணையை மட்டும் அவரிடம் வாங்கிக் கட்டுவார். வங்கதேசத்தில் பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களில் கணிசமானவற்றை உண்மையில் ஆண்களே கையாண்டார்கள் என்று 1996-ல் ஆனி மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கிராமீன் பேங்கும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1998-ல் நாட்டின் பெரும்பகுதி இரண்டு மாதத்துக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. மாடும் இல்லை, நெல்லும் இல்லை, வாரத் தவணை மட்டும் எங்கிருந்து வரும்? நிலுவை ஏறியது. தன் திட்டத்தையே அடியோடு மாற்றி எழுதி, 2002-க்குள், கஷ்டப்படுகிறவர்களுக்குத் தவணையைத் தளர்த்திக் கொடுக்கும் முறையை வங்கி கொண்டுவந்தது.

இந்தப் பாடத்தைப் படிக்காமல், முறையை மட்டும் காப்பியடித்தவர்களும் உண்டு. ஆந்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு கம்பெனிகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. 2010 ஆகஸ்டில் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பங்குகள் முதல்முறையாக நம் நாட்டுச் சந்தைக்கு வந்தபோது, முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். இரண்டே மாதம். கடன்காரர்களின் தற்கொலைச் செய்திகள் வரிசையாக வர, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதிலிருந்த முக்கியமான நிபந்தனை ஒன்றைப் பாருங்கள்: வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான். 2011-ல் ரிசர்வ் பேங்க், வாரமா, இரு வாரமா, மாதமா என்பதைக் கடன் வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விதி கொண்டுவந்தது.

அவகாசம் கொடுத்தால் நிஜமாகவே வித்தியாசம் வருமா? கொல்கத்தாவில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பெண்களுக்கு வழக்கப்படி இரண்டு வாரத்தில் முதல் தவணை. இன்னொரு பகுதிக்கு இரண்டு மாதம் கழித்து. 2013-ல் முடிவு வெளியானது. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடுதலாக இருந்தது. ஆனால், கட்டாமல் விட்டவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம். மறைக்கக் கூடாது அல்லவா? பொறுமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு பதிலும் வங்கதேசத்திலிருந்தே வந்தது. 1972-ல் ஃபசலே ஹசன் ஆபெத் தொடங்கிய 'பிராக்' அமைப்பு, பரம ஏழைகள் கடனுக்குப் பக்கத்திலேயே வருவதில்லை என்பதைக் கவனித்தது. கட்ட முடியாது என்று அவர்களுக்கே தெரியும். குழுவிலும் சேர்க்க மாட்டார்கள். 2002-ல் பிராக் அவர்களுக்காகத் தனித் திட்டம் போட்டது. கடன் அல்ல. ஒரு மாடு அல்லது சில ஆடுகள், இனாமாக. அதை வளர்க்கப் பயிற்சி. அது பலன் கொடுக்கும்வரை அடுப்பெரியக் கொஞ்சம் உதவித்தொகை. வாராவாரம் ஒருவர் வீட்டுக்கு வருவார், தவணை கேட்க அல்ல, மாடு எப்படி இருக்கிறது என்று கேட்க. இப்படி ஏறக்குறைய இரண்டு வருடம்.

2015-ல் இரண்டு ஆய்வுத் தொகுப்புகள் வெளியாயின. ஒன்று, ஆறு நாடுகளில் சாதாரணச் சிறுகடனைப் பரிசோதித்தது. கொஞ்சம் நன்மை உண்டு, வாழ்க்கையையே மாற்றிவிடவில்லை என்றது. இன்னொன்று, பிராக் பாணித் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் பார்த்தது. உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் சாப்பாடு, வருமானம், சொத்து மூன்றிலும் முன்னேற்றம் தங்கியிருந்தது.

ஏன் தங்கியது? அவர்கள் கொடுத்தது மாடு மட்டுமில்லை. மாடு கறக்கும்வரை காத்திருக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வசதியுள்ளவன் தொழில் தொடங்கினால் முதல் வருடம் நஷ்டம் என்பதைச் சர்வசாதாரணமாகச் சொல்வான். அப்பா பணம் தாங்கும், மனைவி சம்பளம் தாங்கும். ஏழைப் பெண்ணிடம் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமையே லாபத்தை எதிர்பார்க்கிறோம்.

உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா, தையல் மிஷின் வாங்கக் கடன் எடுக்கப்போகிறேன் என்று உங்களிடமும் ஒருநாள் யோசனை கேட்கலாம். வட்டி எவ்வளவு என்று கேளுங்கள், அவசியம். கூடவே இன்னும் இரண்டு கேள்வி. முதல் தவணை என்றைக்கு? தைத்த துணிக்கு முதல் காசு என்றைக்கு வரும்?

இரண்டு தேதிக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியை அடைக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். பெரிய தொகையாக இருக்காது. 42 பேருக்கே 27 டாலர்தான் ஆனது.