பழைய மாணவர் கடன்

பொருநைக் கரையில் கல்வி அரசின் கொடையால் மட்டும் வளர்ந்ததன்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், 1830-இல் தர்ம சங்கத்தைத் தோற்றுவித்தார். துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்க்கு அது நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைத்தது. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இப்பகுதித் திருச்சபைகளில் வேரூன்றிய வழக்கமாயிற்று. ஏழையும் கொடையாளியாகலாம் என்பதே அதன் பாடம்.

காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊராரைப் பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆக்கின. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல்’ திட்டமும் முன்னாள் மாணவரை நாடியது.

நம் நிலையோ வேறு. பட்டம் பெற்றுப் பட்டணம் சென்றவர், வீடு வாடகைக்குக் கேட்கும்போதே சாதி வினவப்படுகிறார். பிறந்த தெருவின் பெயரை மறைப்பவர் பழைய மாணவர் கூட்டத்துக்கு எங்ஙனம் வருவார்? அவரைப் பழித்தல் தகாது, அழைத்தலே தகும்.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கர், 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். பெற்ற உதவியைப் பன்மடங்காக்கித் தம் மக்களுக்கே அளித்தார்.

இளைஞர்களே! பயின்றோர் பெயரேடு ஒன்று, ஆண்டுக்கொரு கூட்டம், அவையில் படிக்கப்படும் வரவுசெலவுக் கணக்கு, திங்கள்தோறும் சிறுதொகை: இந்நான்கும் போதும். பணம் இல்லாதவர், கல்லூரி விண்ணப்பம் நிரப்ப ஒரு பிள்ளைக்குத் துணைநிற்கட்டும். அதுவும் பிடியரிசியே.