காற்று உள்வழி மேம்பாடு (கார்கள்)

காரின் எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையில் தொழிற்சாலை வைத்த உறுப்புகளைக் கழற்றிவிட்டு, காற்று தடையின்றியோ குளிர்ந்தோ உள்ளே போகும்படி வேறு உறுப்புகளைப் பொருத்துவது காற்று உள்வழி மேம்பாடு. தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பட்டறைகளில் இதை 'இன்டேக் போடுறது' என்பார்கள். வேகக் கார் ஆர்வலர்கள் முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். செலவு குறைவு, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, போட்ட மறுநிமிடமே உறுமல் மாறிவிடும்.

அடிப்படை

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதன் எடை 4 கிலோவை ஒட்டி வரும். எஞ்சினுக்குப் பயன்படுவது காற்றின் கொள்ளளவு அல்ல, எடை. 35 டிகிரி செல்சியஸ் காற்றுக்குப் பதில் பானெட்டுக்குள் காய்ந்த 60 டிகிரி காற்றை இழுத்தால், அதே கொள்ளளவில் எடை ஏழு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். கடலோர ஈரப்பதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. புழுக்கமான நாளில் உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு வெறும் நீராவி.

காற்றுவழியின் வலிமையைப் பந்தய விதிகளே காட்டிவிடுகின்றன. ஃபார்முலா 3 கார்களின் திறனைக் கட்டுப்படுத்த நெடுங்காலம் 26 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே மூச்சுவிடச் செய்தார்கள். பொறியியல் மாணவர்களின் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியில் பெட்ரோல் எஞ்சினுக்கு 20 மில்லிமீட்டர் துளைதான். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய அந்தத் துளைக்குப் பின்னால் குழாயை எந்தக் கோணத்தில் விரிப்பது என்று மாணவர்கள் மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறார்கள். கடையில் விற்கும் எந்தப் பளபளப்பான கூம்பு வடிகட்டியையும்விட உயர்ந்த வேலை இது.

வரலாறு

சென்னையின் தாம்பரம் பகுதியில் இதன் தொடக்கத்தைப் பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்தே சொல்ல வேண்டும். 1948-இல் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு சேர்ந்து நிறுவப்பட்ட இந்த ஆலை வேன்கார்டு காரில் தொடங்கி, 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வந்தது. 948 சிசி எஞ்சின். அதற்கு ஒற்றைக் கார்புரேட்டர். பிரிட்டனில் ஹெரால்டு கூபே வகை இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரோடு விற்பனையானது. மூச்சுக்குழாயை இரண்டாக்கினால் அதே எஞ்சின் வேறு குணம் காட்டும் என்பதைச் சென்னை இளைஞர்கள் அறிய அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. ஹெரால்டின் பானெட் முன்சக்கர மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். இவ்வளவு வசதியாகத் திறந்து கொடுத்த கார் அதற்குப்பின் நம் ஊரில் வரவில்லை.

மாற்றிய வண்டிகளை ஓட்டிப்பார்க்கும் இடம் சென்னையின் மறுகோடியில் இருந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. செங்குன்றத்துக்கு அப்பால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் என்று வீட்டுக்கார்களே அங்கே பந்தயக்கார்கள். வடிகட்டியைக் கழற்றி எறிவது, கார்புரேட்டர் வாயில் எக்காளம்போல் விரிந்த குழல் வைப்பது, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைப் பெரிதாக்குவது, இன்டேக் மேனிஃபோல்டின் உட்சுவரை அரம்போட்டு வழுவழுப்பாக்குவது ஆகியவை அன்றைய முறைகள். காற்றைக் கூட்டினால் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கலவை நீர்த்து வால்வு காயும் என்பது அன்றைய மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனி நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்வார்கள்.

1985-இல் பெருங்களத்தூர் ஆலை ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டது. உடல் ரோவர் எஸ்.டி.1, எஞ்சினோ பழைய வேன்கார்டு வழிவந்தது. தோற்றத்துக்கு ஏற்ற மூச்சு அதற்கு இல்லை. விற்பனை படுத்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலை நின்ற இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

ஆலை நின்ற அதே 1988-இல் கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். 796 சிசி எஞ்சினில் மிச்சம் மீதி திறனைத் தேடியவர்கள் காற்றுவழியையும் புகைவழியையுமே முதலில் தடவினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்புரேட்டர்கள் மறைந்து எரிபொருள் உட்செலுத்தல் முறை பரவியபோது, ஜெட் மாற்றும் கலை மெல்ல வழக்கொழிந்தது. அந்த இடத்துக்கு எஞ்சின் மென்பொருளைத் திருத்தும் ரீமேப் வந்தது.

வகைகள்

தொழிற்சாலைப் பெட்டியை அப்படியே விட்டு, உள்ளிருக்கும் காகித வடிகட்டியை மட்டும் எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டியாக மாற்றுவது 'டிராப்-இன்'. கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எண்ணெயை அதிகம் ஊற்றினால் காற்று அளவி உணரியின் மெல்லிய கம்பியில் படிந்து செக் லைட் எரியும்.

பெட்டியை அகற்றிவிட்டுக் குட்டைக் குழாயின் முனையில் கூம்பு வடிகட்டியைத் திறந்தபடி மாட்டுவது 'ஓபன் ஃபில்டர்'. இரைச்சலுக்காக வாங்கப்படுவது இதுவே. தொழிற்சாலைப் பெட்டியோடு ஒட்டியிருக்கும் வெற்று அறைகள் சத்தத்தை விழுங்குவதற்காக வைக்கப்பட்டவை. அவை போனதும் உறுமல் வெளிவருகிறது, ஓட்டுபவர் அதைப் 'பிக்கப்' என்று எண்ணிக்கொள்கிறார். பல்லாவரம் பாலத்தடியில் ஊர்ந்து நிற்கும் காரில் இந்தக் கூம்பு ரேடியேட்டர் அனலையே குடிக்கிறது. சாலைக் காருக்கு இது மேம்பாடு ஆகாது.

கூம்பை நீண்ட குழாயில் வைத்து பம்பருக்குப் பின்னால் இறக்குவது 'கோல்ட் ஏர் இன்டேக்'. மூன்றில் குளிர்ந்த காற்றைத் தருவது இதுவே. கூம்பை மூடிய பெட்டிக்குள் வைத்து முன்கிரில்லிலிருந்து தனிக்குழாய் கொடுக்கும் வகை விலை கூடியது, வேலைப்பாடும் கூடியது.

டர்போ இல்லாத எஞ்சினில் இன்டேக் மட்டும் மாற்றிக் கிடைக்கும் திறன் மிகச் சிறிது. டர்போ எஞ்சினில், ரீமேப்போடு சேர்த்துச் செய்தால் பொருள் உண்டு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி. இதற்கு நல்ல சான்று. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், திருத்திய காற்றுவழி, திருத்திய புகைவழி, அதற்கேற்ற மென்பொருள் என எல்லாம் ஒன்றாக வந்ததால் 114 பி.எஸ். கிடைத்தது.

தாம்பரத்தின் தூசியும் வெள்ளமும்

திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கத்துக் குன்றுகள் சார்னோக்கைட் பாறை. குவாரிகள் அதை நெடுங்காலம் உடைத்தன. அந்தப் பாறையில் உள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பையே கீறும் கடினம் கொண்டது. காற்றைத் தாராளமாக விடும் வடிகட்டி இத்தகைய துகளையும் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவிடுகிறது. சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் தேய்வது உடனே தெரியாது. புகை வரும்போதுதான் தெரியும்.

வெள்ளம் இன்னும் கொடியது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நீர் அமுங்காது. எஞ்சின் அதை இழுத்துவிட்டால் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துபோகும். தொழிற்சாலைகள் காற்றுவாயை ஹெட்லைட் உயரத்தில் வைப்பது இதற்காகவும்தான். பம்பருக்குள் தாழ்ந்து தொங்கும் கோல்ட் ஏர் கூம்புக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். ஆகவே மழைக்காலத்தில் முடிச்சூர் சாலையில் போய்வரும் காருக்கு ஏற்றது டிராப்-இன் மட்டுமே.

சட்டமும் இன்றைய நிலையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்புகளுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள கார் ஆலையில் உருவாகும் ஐ20 என் லைன் போன்ற சிறு டர்போ கார்களில் இன்டேக் விற்பனை இப்போது நடக்கிறது. மின்கார்களில் மாற்றுவதற்குக் காற்றுவழியே கிடையாது.